மாலை 5 மணிக்கு ஓட்டு!

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசு, ஆனால் 15 நிமிஷத்துக்கு மேல் போகாதே" என்று செயலாளர் அண்ணன் சொல்லியிருக்கிறார். தலைப்பை என்னிடம் கொடுத்துவிட்டு நேரத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டார். கெட்டிக்காரர்! ஒரு சபையின் நேரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் இன்றைக்கு என் பேச்சும்.

நான் அரசியல்வாதி இல்லை. ப்ராஜெக்ட் ப்ளானிங் பார்க்கிற சாதாரண என்ஜினீயர். எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கும், ஆள் எத்தனை, கிரேன் எப்போது காலி என்று சார்ட் போடுவதே என் பிழைப்பு. கம்பெனி வேலையாக இரண்டு வருஷம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் இருந்தேன். அங்கே பார்லிமெண்டின் பார்வையாளர் மாடத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், காசு கிடையாது. கட்டடத்தைப் பார்க்கலாம் என்று போனவன், அவர்கள் டைம்டேபிள் போடுகிற விதத்தைத் தெரிந்துகொண்டு அசந்துபோனேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1707இல் இங்கிலாந்தோடு இணைந்தபோது ஸ்காட்லாந்தின் தனிப் பார்லிமெண்ட் போய்விட்டது. 1997 செப்டம்பர் 11 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 74.3 சதவீதம் பேர் 'எங்களுக்குப் பார்லிமெண்ட் வேண்டும்' என்றார்கள். 1998இல் சட்டம் வந்தது. 1999 மே மாதம் 129 உறுப்பினர்கள் முதன்முதலாகக் கூடினார்கள். பாதுகாப்பு, வெளியுறவு போன்றவை லண்டனிடமே இருக்க, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ் போன்றவை எடின்பரோவுக்கு வந்தன. இதைத்தான் அதிகாரப் பகிர்வு என்கிறோம்.

புதுச் சபைக்கு விதி எழுதும் வேலையை ஹென்றி மெக்லீஷ் தலைமையிலான ஒரு குழு ஆராய்ந்து 1999 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அவர்களுக்கு முன்னால் இருந்த மாதிரி லண்டனின் வெஸ்ட்மினிஸ்டர். அங்கே விதி என்ன தெரியுமா? சில விலக்குகள் தவிர, எல்லா நாளும் அரசாங்கத்தின் வேலைக்கே முதலிடம். எதிர்க்கட்சிக்கு ஒரு கூட்டத்தொடரில் 20 நாள் உண்டு. ஆனால் அது எந்த நாள் என்று சொல்வது அரசாங்கம். மற்றதெல்லாம் கட்சிக் கொறடாக்கள் தனியாகப் பேசி முடித்துக்கொள்வது. ஓட்டெடுப்பு என்றால் மணி அடிக்கும், எல்லோரும் ஓடி வந்து இரண்டு தாழ்வாரம் வழியாக நடந்து போய் எண்ணிக்கை கொடுக்க வேண்டும். ஒரு ஓட்டுக்குக் கால் மணி நேரம். இரவு 10 மணிக்கு ஓட்டெடுப்பு என்பது பல்லாண்டு வழக்கம்.

எடின்பரோக்காரர்கள் இதை மாற்றினார்கள். நிகழ்ச்சி நிரலுக்கென்று 'பார்லிமெண்டரி பீரோ' என்ற குழுவை வைத்தார்கள். நம்ம ஊர்ப் பேப்பரில் 'அலுவல் ஆய்வுக் குழு கூடியது' என்று படிப்போமே, அந்த வகை. சபைத் தலைவர் இதற்கும் தலைவர். 5 உறுப்பினராவது உள்ள ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பிரதிநிதி. 5 பேர் இல்லாத சின்னக் கட்சிகளும் சுயேச்சைகளும் ஒன்றாகச் சேர்ந்து 5 ஆனால் அவர்களுக்கும் ஒரு நாற்காலி.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பீரோவில் ஓட்டுக்கு விட்டால் ஆளுக்கு ஒரு ஓட்டு அல்ல. கட்சிக்குச் சபையில் எத்தனை பேரோ, அந்தப் பிரதிநிதிக்கு அத்தனை ஓட்டு. 2007இல் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 47 இடத்தோடு ஆட்சிக்கு வந்தது. 129இல் 47! அடுத்த வாரம் எந்த விவாதம் என்று அரசாங்கம் தனியாக முடிவு பண்ண முடியாது. வேறு கட்சியும் சம்மதிக்க வேண்டும். அதே கட்சி 2011இல் 69 இடம் பிடித்தது. இப்போது பாதிக்கு மேல். ஆகவே பீரோ ஒரு மந்திரக்கோல் அல்ல. பெரும்பான்மை இருந்தால் பெரும்பான்மை ஜெயிக்கும்.

பிறகு என்ன லாபம் என்று கேட்பீர்கள். இரண்டு லாபம். பீரோ கதவைச் சாத்திக்கொண்டுதான் கூடும், உண்மை. ஆனால் அது போட்ட டைம்டேபிள் ஒரு தீர்மானமாகச் சபைக்கு வந்தாக வேண்டும். அங்கே எதிர்க்கலாம், திருத்தம் கொடுக்கலாம், ஓட்டுக்கும் விடலாம். எதிர்த்தது யார், ஆதரித்தது யார் என்று பதிவாகிவிடும். இரண்டாவது, சில நேரங்களை விதியே பங்கு போட்டு வைத்துவிட்டது. ஒரு பார்லிமெண்ட் ஆண்டில் 16 அரை நாள் ஆட்சியில் இல்லாத கட்சிகளுக்கு. 12 அரை நாள் குழுக்களின் அறிக்கைகளுக்கு. எத்தனை பெரிய மெஜாரிட்டி வந்தாலும் இது கைக்குக் கை மாறாது. எங்கள் பாஷையில் சொன்னால், ரிசர்வ் செய்யப்பட்ட ஸ்லாட்.

வாரம் எப்படிப் போகிறது பாருங்கள். செவ்வாய், புதன், வியாழன் காலையில் குழுக்கள்; மதியத்துக்கு மேல் முழுச் சபை. 2012 செப்டம்பருக்கு முன்பு முழுச் சபை புதன், வியாழன் மட்டும்தான். ஸ்காட்லாந்துக்கு மேல்சபை கிடையாது; மசோதாவைத் துருவிப் பார்ப்பது குழுக்கள்தான். குழுவில் இருப்பவரும் சபையில் பேசுபவரும் ஒரே ஆள். ஒரே கிரேனை இரண்டு சைட்டுக்கு அனுப்ப முடியுமா? அதனால்தான் சபை நடக்கும்போது குழு பொதுவாகக் கூடக்கூடாது என்று விதி. வியாழன் நண்பகல் 12 மணிக்கு முதலமைச்சரிடம் கேள்வி நேரம்.

மாலை 5 மணிக்கு வருவதுதான் 'முடிவு நேரம்'. அன்று விவாதித்த தீர்மானங்களுக்கெல்லாம் மொத்தமாக அப்போதுதான் ஓட்டு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே எலக்ட்ரானிக் முறையில் ஓட்டுப் போட்டால் சீக்கிரமே கணக்கு வந்துவிடும். நான் மாடத்திலிருந்து பார்த்த அன்று, பாதி காலியாக இருந்த சபை 5 மணி நெருங்க நெருங்க நிரம்பியது; நம்ம ஹாஸ்டல் மெஸ் மணி அடித்த மாதிரி! முடிந்ததும் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். ஆனால் சில பேர் இருந்தார்கள். ஓட்டெடுப்புக்குப் பின் கடைசியாக ஒரு தனி உறுப்பினரின் விவாதம். தன் தொகுதிப் பிரச்சினை எதையும் பேசலாம், அமைச்சர் பதில் சொல்ல வேண்டும், ஓட்டு கிடையாது. பெரிய விவாதத்தில் இடம் கிடைக்காத சிற்றூர்ச் சங்கதிகள் அரங்கேறும் நேரம் அது.

ஏன் 5 மணி? பிள்ளை குட்டி உள்ளவர்களும் அரசியலுக்கு வரவேண்டும் என்பதற்காக. விடுமுறையை முடிவு செய்யும்போது ஸ்காட்லாந்துப் பள்ளிகளின் விடுமுறையைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. அங்கே பள்ளிக்கூடம் ஜூன் கடைசியிலேயே மூடிவிடும், இங்கிலாந்தில் ஜூலை பாதிக்கு மேல். 1999இல் முதல் சபையில் 129 பேரில் 48 பேர் பெண்கள். 2021இல் 58 பேர். கட்சிகள் சீட் கொடுத்ததுதான் முதல் காரணம். வந்தவர்கள் நிலைத்து நிற்க நேரமும் ஒத்துழைக்க வேண்டுமே!

இனி இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் சார்ட் பொய்யாகிவிடும்.

முதல் குறை, 5 மணி என்று கோடு போட்டால் பேச்சைக் கத்தரிக்க வேண்டும். பல விவாதங்களில் ஆளுக்கு 4 நிமிஷம், 6 நிமிஷம்தான். எழுதி வந்ததை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள், குறுக்குக் கேள்விக்கு இடமில்லை என்ற புகார் ரொம்ப நாளாக உண்டு.

இரண்டாவது, எந்த அட்டவணையும் அவசரத்தைத் தாங்க வேண்டும். 1999 ஆகஸ்டில் ஒருவரைக் கொன்றதற்காக மனநலக் காப்பகத்தில் வைக்கப்பட்ட ஒருவர் சட்ட ஓட்டை வழியாக விடுதலையாகிவிட்டார். அந்த ஓட்டையை அடைக்கும் அவசர மசோதாவைச் செப்டம்பர் 8ஆம் தேதி நிறைவேற்றினார்கள். புதிய பார்லிமெண்டின் முதல் சட்டமே அதுதான். வேகம் தேவைதான், ஆனால் வேகத்தில் துருவிப் பார்க்கும் நேரம் போய்விடும்.

2022 டிசம்பரில் இதற்கு நேர்மாறு. பாலின அங்கீகார மசோதாவுக்கு 150க்கும் மேற்பட்ட திருத்தங்கள். திருத்தங்கள் ஒவ்வொன்றாக ஓட்டுக்கு வரும். அவற்றுக்கு 5 மணிக் கணக்கு கிடையாது. சபை நள்ளிரவைத் தாண்டியும் நடந்தது. கடைசியில் 22ஆம் தேதி 86க்கு 39 என்று நிறைவேறியது. லண்டன் அரசு 2023 ஜனவரியில் அதைத் தடுத்தது வேறு கதை. குடும்பத்துக்கு உகந்த நேரம் என்ற வாக்குறுதி, உண்மையான சண்டை வந்தால் முதலில் பறக்கிறது.

மூன்றாவது, கடிகாரத்தால் தூரத்தைக் குறைக்க முடியாது. வடகோடித் தொகுதியின் உறுப்பினர் கெய்ல் ராஸ் என்ற அம்மையார், வாரத்தில் பல நாள் சிறு வயது மகனை விட்டுவிட்டு எடின்பரோவில் இருக்க வேண்டியிருக்கிறது, ஆகவே அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று 2020 தொடக்கத்தில் அறிவித்தார். 5 மணிக்கு முடிந்தால் எடின்பரோவில் வீடு உள்ளவருக்குச் சௌகரியம். வடகோடிக்காரருக்கு என்ன பிரயோசனம்? அதே ஆண்டு கொரோனா வந்து, வீட்டிலிருந்தே பேசவும் ஓட்டுப் போடவும் வழி செய்தார்கள்.

நான்காவது, அந்த 5 என்ற எண். 2021 தேர்தலில் லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 4 இடம். ஒன்று குறைந்ததால் பீரோவில் நாற்காலி போயிற்று. 2025 ஏப்ரலில் வேறு கட்சியிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்து 5 ஆனது. ஓர் ஆளில் ஒரு கட்சியின் குரல் நிற்கிறது பாருங்கள்!

இத்தனை குறை இருந்தும் நான் இதை ஏன் மெச்சுகிறேன்? லண்டனைப் பார்த்தால் புரியும். 2009இல் அங்கே எம்.பி.க்களின் செலவுக் கணக்கு ஊழல் வெடித்தது. சபையின் நேரத்தைச் சபையிடமே கொடுங்கள் என்று ஒரு குழு சிபாரிசு செய்தது. 2010இல் சாதாரண எம்.பி.க்களின் விவாதங்களுக்கு ஒரு குழு அமைந்தது. அரசாங்க வேலைகளின் அட்டவணையை முடிவு செய்ய வேண்டிய இன்னொரு குழு, அமைப்போம் என்று வாக்களித்தும், அந்த ஆட்சிக் காலம் முடியும் வரை வரவேயில்லை. கையில் இருக்கிற கடிகாரத்தை யாரும் லேசில் கழற்றித் தருவதில்லை. எடின்பரோவில் அது சாத்தியமானதற்குக் காரணம், யாரும் ஆட்சியில் உட்காருவதற்கு முன்பே விதி எழுதப்பட்டதுதான்.

நம்மில் பலர் யூனியனில், அபார்ட்மெண்ட் சங்கத்தில், கம்பெனி போர்டில் இருக்கிறோம். அங்கெல்லாம் அஜெண்டாவின் கடைசி வரி 'தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்'. சாதாரண உறுப்பினரின் குறை எல்லாம் அந்த ஒரு வரியில்தான் அடைபட்டுக் கிடக்கிறது. அதற்கென்று அரை மணி நேரத்தை விதியிலேயே ஒதுக்கி வையுங்கள். அஜெண்டாவையும் முதலில் கூட்டத்தின் ஓட்டுக்கு விடுங்கள். பதவிக்கு வந்த பிறகு இதைச் செய்ய மனசு வராது. விதி எழுதும்போதே செய்துவிட வேண்டும்.