அரிசியின் நிறமும் குணமும்



நாம் நாள்தோறும் வெட்டும் பால்மரங்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். விதையிலிருந்து முளைத்த மரங்கள் நிற்கும் நிரையில் ஒரு மரம் மங்கு நிறையப் பால் தரும். அடுத்த மரமோ, அதே மண்ணில், அதே மழையில் நின்றும் பாதி மங்குகூடத் தராது. இவ்வேறுபாடு பெரிதும் மரபிலே வருவது. நல்ல மரங்களை இணைத்து, பிறந்தவற்றுள் சிறந்ததைத் தேர்ந்து ஒட்டுக் கட்டிப் பெருக்கியதனால்தான் ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற இனங்கள் கிடைத்தன. நாம் உண்ணும் நெல்லுக்கும் இதே நியதிதான்.

அரிசியின் நிறம் எங்கே இருக்கிறது? மணியைப் போர்த்தியுள்ள தவிட்டுத் தோலில் இருக்கிறது. உள்ளிருக்கும் மாப்பகுதி பெரும்பாலும் வெண்மையே. நெல்லின் மூதாதையான காட்டு நெல் சிவப்புத் தோல் உடையது. அச்சிவப்புக்குரிய மரபணுவில் 14 எழுத்துகள் அளவான ஒரு சிறு துண்டு விடுபட்டுப் போனதனாலேயே பெரும்பாலான வெள்ளை அரிசி வகைகள் தோன்றின என்பது 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று. கறுப்பு நிறத்திற்கு வேறு மரபணுக்கள் காரணமாகும். இனிப்புக் கஞ்சிக்கு நாம் வாங்கும் புலுட் ஹீத்தாம், தமிழகத்தின் கறுப்புக் கவுனி ஆகியவற்றின் தோலில் உள்ள சாயப்பொருள், நாவற்பழத்திற்குக் கருநீலம் தரும் இனத்தைச் சேர்ந்தது.

தவிட்டின் மதிப்பை இந்நாடு பட்டறிந்த வரலாறு உண்டு. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாவில் பெரிபெரி நோய் பெருந்துயர் விளைவித்தது. நன்கு தீட்டிய வெள்ளை அரிசியை உண்டோரையே அது மிகுதியாகத் தாக்கிற்று. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அரிதாயிருந்தது. கோலாலம்பூரில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் 1905ஆம் ஆண்டு தொடங்கிய சோதனையும் இதனையே காட்டியது. நெல்லை அவிக்கையில் தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து மணிக்குள் இறங்கிவிடுவதே காரணமெனப் பின்னர் விளங்கிற்று. முன்னோரின் உணவுப் பழக்கம் அவர்களைக் காத்தது.

அப்படியாயின் சத்துமிக்க நிற அரிசியை எல்லாரும் ஏன் பயிரிடவில்லை? பழைய வகைகள் பலவும் உயர்ந்து வளர்ந்து காற்றில் சாய்பவை, முற்றுவதற்கு நெடுநாள் கொள்பவை, விளைச்சல் குறைந்தவை. விளைச்சல் குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் பாட்டாளியின் அடுப்புக்கு அது எட்டாது.

இங்கேதான் மரபு வேறுபாடு நமக்குக் கைகொடுக்கிறது. தூர்களின் எண்ணிக்கை, கதிரிலுள்ள மணிகள், மணியின் எடை ஆகியவற்றைப் பல மரபணுக்கள் சேர்ந்து ஆள்கின்றன. நிறத்தை ஆள்பவையோ மிகச் சில. ஆகவே இரு குணங்களையும் ஒரே பயிரில் கூட்டுவது இயலும். மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விளைச்சல் மிக்க எம்.ஆர். 219 நெல்லோடு காட்டு நெல்லை இணைத்து, யூ.கே.எம்.ஆர்.சி. 9 என்னும் சிவப்பரிசியை உருவாக்கினர். களை என்று பிடுங்கி எறியப்படும் காட்டு நெல்லுக்குள் விளைச்சலைப் பெருக்கும் மரபணுக்களும் ஒளிந்திருந்தன என்பது வியப்புக்குரியது. எனவே, பழைய நெல் வகை ஒன்று அழிந்தால், நாளை உதவக்கூடிய குணம் ஒன்றும் அதனோடு அழியக்கூடும்.

ஆயினும் நிறத்தை மட்டும் கண்டு நாம் மயங்குதல் கூடாது. இரு சிவப்பரிசி வகைகளை ஒரே வயலில் விளைவித்தாலும் அவற்றின் இரும்பு, துத்தநாகச் சத்துகளின் அளவு வேறுபடலாம். நன்கு தீட்டிவிட்டால் நிறத்தோடு சத்தும் தவிட்டோடு போய்விடும். ஆதலால் தோல் மணி முழுவதும் படர்ந்துள்ளதா எனப் பார்த்து வாங்குவோம். முன்கூட்டி ஊறவைத்து, சற்றுக் கூடுதலான நீரில் வேகவைப்போம். தவிட்டெண்ணெய் விரைவில் சிக்கு வாடை கொள்ளுமாதலால், சிறிது சிறிதாகவே வாங்குவோம். நீரிழிவுடையோர் நிற அரிசியையும் அளவோடே உண்ணவேண்டும். அது மருந்துக்கு ஈடாகாது. அதை வாங்க இயலாதவர்கள் வருந்தவேண்டியதில்லை. புழுங்கலரிசியோடு பருப்பும் கீரையும் மீனும் சேர்ந்தால் அதுவும் நல்லுணவே.

பாலின் அளவு மங்கில் தெரியும். அரிசியின் குணம் அதன் தோலில் இருக்கும். இதனை மனத்திற்கொண்டு நம் பிள்ளைகளின் உணவைத் தேர்ந்தளிப்போமாக.