கங்கை முகத்துச் சிற்றூர்கள்

பேராறு ஒன்று கடலோடு கலக்குமிடத்தில் பெரும்பாலும் பெரிய நகரம் ஒன்றும், அதன் நிழலில் சில சிற்றூர்களும் அமைந்திருக்கக் காணலாம். உலாச் செல்வோர் நகரத்தைக் கண்டு திரும்பிவிடுவர். திருகோணமலைக்கு வருவோரும் இதற்கு விலக்கல்லர். கோணேசப் பெருமானைத் தரிசித்து, கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்து, துறைமுகத்தையும் ஒருமுறை நோக்கிவிட்டால் பயணம் நிறைவெய்தியதாகக் கருதுவர். கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில் கிண்ணியாவும் மூதூரும், அவற்றுக்கும் தெற்கே வெருகலும் இருப்பதை அவர்கள் பெரிதும் நினைப்பதில்லை. கன்னியா வேறு, கிண்ணியா வேறு என்பதையும் வெளியூர் நேயர்கள் மனங்கொள்ளல் நன்று.

மலைநாட்டிலே பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை, இப்பகுதியை அடைந்ததும் பிரிந்துவிடுகின்றது. ஒரு கிளை மூதூருக்கு அருகே குடாவிற் கலக்க, மற்றொன்று வெருகலாறு என்னும் பெயருடன் தெற்கே சென்று கடலடைகின்றது. வயலும் உப்பங்கழியும் அடுத்தடுத்து வருகின்ற நிலம் அது. எருமைத் தயிரின் சுவையைச் சொல்லி விளக்குதல் இயலாது; அங்கேயே உண்ணல் வேண்டும்.

திருகோணமலையிலிருந்து கரையோரமாக மூதூர் செல்வோர் முன்னாளில் துறைதோறும் இறங்க நேர்ந்தது. ‘பாதை’ என்று கிழக்கு மாகாணத்தார் வழங்கும் மிதவையில் வண்டியும் மனிதரும் ஏறி அக்கரை சேர்வர். மாரியில் வெள்ளம் பெருகினால் பாதை நின்றுவிடும். நோயாளியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வோரும் கரையிலே தங்கிவிடுவர். 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011 அளவில் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் ஆகிய இடங்களிலும் பாலங்கள் எழுந்தன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும், 2006ஆம் ஆண்டின் போர்க் கொடுமையையும் அனுபவித்த மக்களுக்கு இப்பாலங்கள் எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! ஆயினும், பாதைக்குக் காத்திருந்தவர் தேநீர்க் கடையில் அமர்ந்தார், தயிர்ச் சட்டி வாங்கினார், ஊராரோடு நாலு வார்த்தை பேசினார். இன்று பஸ் வண்டி நில்லாமலே போய்விடுகின்றது. துறையை நம்பியிருந்த கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார்.

ஸ்பெயின் தேசத்தின் தெற்கே குவாதல்கிவீர் என்றோர் ஆறு உண்டு. ‘பெரிய ஆறு’ என்னும் பொருளுடைய அரபுச் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. செவில் நகருக்குச் சற்றுக் கீழே, அவ்வாற்றின் கரையில் கோரியா டெல் ரியோ என்னும் சிற்றூர் இருக்கின்றது. 1614இல் ஹசெக்குரா என்பாரின் தலைமையில் வந்த ஜப்பானியத் தூதுக்குழு அங்கே தங்கியது. ‘ஹபோன்’, அதாவது ஜப்பான், என்னும் குடிப்பெயர் கொண்டோர் பலர் அவ்வூரில் இன்றும் வாழ்கின்றனர். அக்குழுவில் திரும்பிச் செல்லாது நின்றுவிட்டோரின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது அவர்கள் கொள்கை. ஹசெக்குராவுக்குச் சிலையும் வைத்திருக்கின்றார்கள். ஊர்தி ஏற்றும் மிதவை இன்றும் அங்கே ஆற்றைக் கடக்கின்றது.

மூதூருக்கும் இத்தகைய கதை இல்லாமற் போகவில்லை. புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அக்கப்பலின் தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் சிறைப்பிடித்தனர். தந்தை அடுத்த ஆண்டே இறந்தார். மகனோ பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1679இல், தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். அவன் எழுதிய இலங்கை வரலாறு 1681இல் இலண்டனில் வெளியாயிற்று. பிடிபட்ட இடமெனச் சொல்லப்படும் மூதூர்ப் புளியமரத்தை ‘வெள்ளைக்காரன் மரம்’ என்றனர், நினைவுக்கல்லும் நாட்டினர். நூலைப் படித்தோர் உலகெங்கும் உளர். மூதூரில் இறங்கி அவ்விடத்தை விசாரிப்போர் எத்தனை பேர்?

புறப்பட விரும்பும் நேயர்கள் கார்த்திகை, மார்கழி மாரியைத் தவிர்த்தல் நலம். விடியலிற் புறப்பட்டுக் கிண்ணியாப் பாலத்தின் அருகே வண்டியை நிறுத்தி, மீன்பிடி தோணிகள் கரைசேர்வதைக் காணலாம், நண்பகலுக்கு மூதூர். மாலையில் வெருகலாற்றங்கரையிலுள்ள சித்திரவேலாயுதர் கோயிலை அடையலாம். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் தங்கிச் செல்லும் கோயில் அது. அவர்களுக்கு மட்டும் பாலம் வந்த பின்னும் அவசரம் வரவில்லை; ஆற்றில் இறங்கி நீராடிய பின்னரே நடக்கின்றனர்.