அலையும் மனமும் திரும்பும் பழக்கமும்

(ஜமாஅத் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்வில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)





ஆண்டுதோறும் இம்மேடையில் மதிப்பெண்களைப் பற்றியே பேசி வந்துள்ளோம். இவ்வாண்டு, அம்மதிப்பெண்ணுக்காகப் போராடும் மனத்தைப் பற்றிச் சிறிது பேச அனுமதியுங்கள். அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்ட இளைஞரின் இசைவு பெற்றே சொல்கிறோம்.

நம் ஜமாஅத்திலிருந்து மலையிறங்கிச் சென்று பொறியியல் படித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவர், இரண்டாம் ஆண்டில் விடுமுறைக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. மூன்று வாரம் அறைக்குள்ளேயே கிடந்தார். தகப்பனார் அவரை எங்களிடம் அழைத்து வந்தார். நாங்கள் என்ன செய்தோம்? "தொழுகையை விடாதே, கைபேசியைத் தூர வை, எல்லாம் சரியாகும்" என்று சொல்லி, துஆ செய்து, பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டோம். கடமை முடிந்ததென எண்ணினோம். அவரோ வத்தலக்குண்டில் இறங்கி, அடுத்த பேருந்திலேயே மலையேறிவிட்டார். பின்னர் மருத்துவரையும் மனநல ஆலோசகரையும் கண்டு, ஓராண்டை இழந்து, படிப்பைத் தொடர்ந்தார். அண்மையில் எங்களைச் சந்தித்தபோது அவர் சொன்னதை அப்படியே சொல்கிறோம்: "மாமா, அப்பவும் நான் அஞ்சு வேளையும் தொழுதுகிட்டுதான் இருந்தேன். அஞ்சு வேளையும் என் மனசு அரியர் பேப்பர்லதான் நின்னுச்சு."

எங்களிடம் அதற்கு மறுமொழி இருக்கவில்லை.

அந்த ஆலோசகர் அவருக்கு ஒரு பயிற்சியைக் கற்றுத் தந்திருக்கிறார். மைண்ட்ஃபுல்னெஸ் என்பது அதன் பெயர். மனவிழிப்பு என்று நாம் வைத்துக்கொள்வோம். 1979ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின் என்பவர், நாட்பட்ட வலியால் அவதியுற்ற நோயாளிகளுக்காக ஒரு வகுப்பாக இதனை அமைத்தார். பௌத்தத் தியான மரபில் தாம் கற்றதை, வழிபாடும் சடங்கும் இன்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். அவ்வகுப்பின் தொடக்கப் பாடம் வேடிக்கையானது. ஒவ்வொருவர் கையிலும் ஓர் உலர்திராட்சையைக் கொடுத்து, அதைப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று, சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டு உண்ணச் சொல்வார்கள். கைபேசியைப் பார்த்தபடியே பிரியாணித் தட்டைக் காலிசெய்துவிட்டு "கறி இருந்ததா?" என்று கேட்கும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல பாடம்தான், பெரியவர்களுக்கும்.

இத்தகைய அமர்வு நம் மலைக்குப் புதிதன்று. பெருமாள்மலையில் 1996ஆம் ஆண்டு 'போதி ஜெண்டோ' என்னும் ஜென் தியான நிலையம் நிறுவப்பட்டது. நிறுவியவர் இயேசு சபைத் துறவியான அமா சாமி. ஜப்பானின் காமகுராவில் யமாடா கோஉன் என்னும் ஆசானிடம் பயின்றவர். கடல் கடந்தும் பலர் அங்கு வந்து மௌனமாக அமர்ந்து சென்றிருக்கிறார்கள். நாமோ பேருந்துச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு கடந்து போகிறோம். ஆயினும் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஜென் என்பது முழுமையான ஓர் ஆன்மிக நெறி. மாணவருக்கு மருத்துவத் துறையினர் கற்பிக்கும் மனவிழிப்போ ஒரு திறன், நீச்சலைப் போல. இரண்டுக்கும் உறவு உண்டு, இரண்டும் ஒன்றல்ல.

பயிற்சிதான் என்ன? முதுகை நிமிர்த்தி அமர வேண்டும். பாயோ நாற்காலியோ, எதுவானாலும் சரி. மூச்சு வந்து போவதை மூக்கு நுனியிலோ வயிற்றிலோ உணர வேண்டும். மூச்சை மாற்ற வேண்டியதில்லை. ஐந்தாறு மூச்சுக்குள் மனம் ஓடிவிடும்: விடுதிச் சாப்பாடு, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு சொல், நாளைய ஆய்வகத் தேர்வு. ஓடியதைக் கண்டவுடன், தன்னைத் திட்டிக்கொள்ளாமல், மூச்சுக்குத் திரும்ப வேண்டும். நூறு முறை ஓடினால் நூறு முறையும் திரும்ப வேண்டும். "மனம் வெறுமையாகவில்லை, எனக்கு இது வராது" என்று இரண்டாம் நாளே கைவிடுவோர் பலர். மனத்தை வெறுமையாக்குவது இங்கு நோக்கமே அன்று. ஓடிய மனம் திரும்புகிற அந்தக் கணமே பயிற்சி.

நம் வானாய்வகத்தை நினைத்துப் பாருங்கள். 1901 முதல் அங்கே சூரியனை நோக்கி வருகிறார்கள். மேகம் மூடினால் காத்திருப்பார்கள், விலகினால் படம்பிடிப்பார்கள், மறுநாள் மீண்டும் அதே சூரியன். அந்தப் பொறுமையான நோக்கலில்தான், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்ஷெட் கண்டறிந்தார். பனிமூட்டத்துக்குப் பேர்போன இம்மலையில் அமர்ந்து செய்த வேலை அது!

மாணவருக்கு இதனால் என்ன பயன்? "நான் தோற்றுவிடுவேன்" என்று தோன்றும்போது, அது ஓர் எண்ணம், தேர்வு முடிவன்று என்று கண்டுகொள்ளச் சிறிது இடைவெளி கிடைக்கிறது. அவ்வளவே, அதுவே பெரிது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு எட்டு வார வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். தேர்வுக் காலத்தில் அளந்தபோது, வகுப்பில் சேராதோரில் 57 விழுக்காட்டினர் கவலைக்குரிய அளவு மனவுளைச்சலில் இருந்தனர். சேர்ந்தோரில் அது 37 விழுக்காடு. இம்முடிவு 2018இல் வெளியானது. ஆனால் 2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்று, 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட சிறார்களுக்கு வகுப்பறையில் இதனைக் கற்பித்தும், வழக்கமான பாடங்களைவிடக் கூடுதல் பயன் கிட்டவில்லை என்றது. தானே விரும்பி வருகிறவருக்கு உதவுவது, மணியடித்து உட்கார வைக்கப்பட்ட பிள்ளைக்கு உதவாமல் போகலாம் என்பது எங்கள் கருத்து. எனவே பெற்றோர்களே, "போய் உட்கார்" என்று விரட்டாதீர்கள்.

இது மார்க்கத்துக்கு உடன்பாடானதா என்று தாய்மார்கள் சிலர் கேட்டனர். நியாயமான கேள்வி. உருவ வழிபாடோ மந்திரமோ கலந்த வகுப்பாயின் விலகிக்கொள்ளுங்கள். ஐயமிருப்பின் ஹஜ்ரத்தைக் கேளுங்கள். மூச்சைக் கவனித்து அமர்வதில் அத்தகைய எதுவும் இல்லை. தொழுகையில் உள்ளச்சம் வேண்டும் என்று சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில், உள்ளத்தைக் கண்காணிப்பதற்கும் தன்னைத் தானே கணக்குக் கேட்பதற்கும் தனி நூற்பகுதியே வகுத்திருக்கிறார்கள். ஆனால் "எல்லாம் நம்மிடம் முன்பே உண்டு, புதிதாகக் கற்க ஏதுமில்லை" என்று கூறுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. இருந்தும், அந்தத் தம்பிக்கு நாம் கற்றுக்கொடுக்கவில்லையே! அதேபோல் தொழுகையை மனவுளைச்சலுக்கான உடற்பயிற்சியாகச் சுருக்குவதும் தகாது. அது வணக்கம். அதன் நோக்கம் வேறு.

இப்பயிற்சியின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்துள்ளது. உறக்கமும் உணவும் விட்டுப்போன பிள்ளையிடம், வாழ விருப்பமில்லை என்று சொல்லும் பிள்ளையிடம், மூச்சைக் கவனி என்று சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிலையங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் இருக்க வேண்டுமென 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறி வகுத்திருக்கிறது. சேர்க்கையின்போதே இதனைக் கேளுங்கள். கண்மூடி அமர்ந்தால் பழைய துயரங்கள் மேலெழுந்து சிலருக்கு நிலைமை மோசமாவதும் உண்டு. அவர்கள் உடனே நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்று. கட்டணம் கட்ட வழியின்றித் தவிக்கும் மாணவரிடம் மனவிழிப்பைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. அவருக்கு வேண்டியது கட்டணம். அதனால்தான் இவ்வுரை, உதவித்தொகைக் காசோலைகளுக்குப் பக்கத்தில் நின்று நிகழ்த்தப்படுகிறது.

1984 முதல் நம் மலையிலேயே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இயங்குகிறது. சமவெளியிலிருந்து பெண்மக்கள் குளிரும் தனிமையும் தாங்கி இங்கு வந்து படிக்கிறார்கள். நம் பிள்ளைகள் கீழே இறங்கிப் போய் வெயிலில் அதே தனிமையைத் தாங்குகிறார்கள். விடுமுறையில் வரும் பிள்ளையிடம் முதலில் மதிப்பெண்ணைக் கேட்காமல், "தூக்கம் வருகிறதா?" என்று கேளுங்கள்.

ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் மதரஸா மாடியில் அரைமணி நேர அமர்வைத் தொடங்கியிருக்கிறோம். அந்தத் தம்பியின் ஆலோசகர் மாதம் ஒருமுறை வந்து வழிநடத்த இசைந்துள்ளார். மாணவியருக்குப் பெண் ஆலோசகர் ஒருவர் தனியே வருவார். விருப்பமுள்ளோர் மட்டும் வரலாம். முதல் வாரம் ஒன்பது பேர் வந்தனர். கண்மூடிய சிறிது நேரத்திலேயே இருவர் உறங்கிவிட்டனர். அவ்விருவரில் ஒருவர் கல்விக் குழுவைச் சேர்ந்தவர். பாய்கள் போதுமான அளவு உள்ளன. போர்வை மட்டும் கொண்டு வாருங்கள். மாடியில் குளிர் அதிகம்.