பிரசங்கம் பண்ணாத ஐந்து புத்தகங்கள்: இந்தக் கோடைக்கு

மே மாசம் வந்தாச்சு. மதியம் பன்னிரண்டுலேர்ந்து நாலு வரைக்கும் வெளியில தலை காட்ட முடியல. ஃபேனைச் சுத்தவிட்டுட்டு, தரையில தலையணையைப் போட்டுப் படுத்துக்கிட்டுப் படிக்கிறதுக்கு இதைவிட நல்ல சீசன் கிடையாது.

போன வருஷம் கோடைப் பட்டியல் போட்டப்போ உங்கள்ல சில பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தீங்க. "கிறிஸ்தவ நம்பிக்கையைப் பத்தி நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்க. ஆனா பிரசங்கம் மாதிரி இருக்கக் கூடாது." நியாயமான கண்டிஷன். வாராவாரம் சர்ச்சுக்குப் போறவங்களும் இதைக் கேட்டிருந்தீங்க, போறதை நிறுத்தினவங்களும் கேட்டிருந்தீங்க.

அதனால இன்னைக்கு ஐந்து புத்தகம். மூணு நாவல், ரெண்டு நிஜ வாழ்க்கை. நான் தேர்ந்தெடுத்த விதம் ரொம்ப சிம்பிள். ஞாயித்துக்கிழமை காலையில எழுந்து நின்னு கேட்க முடியாத ஒரு கேள்வியை அந்தப் புத்தகம் கேட்கணும். கேட்டுட்டு, அவசரமா ஒரு பதிலைச் சொல்லி மூடிடக் கூடாது.

சின்னதுலேர்ந்து ஆரம்பிக்கலாம். சி.எஸ். லூயிஸ் எழுதின 'எ கிரீஃப் அப்சர்வ்ட்'. நார்னியா கதைகள் எழுதின அதே லூயிஸ்தான். நூறு பக்கம்கூட வராது, ஒரு மதியத்துல முடிச்சிடலாம். 1940-லயே அவர் 'தி ப்ராப்ளம் ஆஃப் பெய்ன்'னு ஒரு புத்தகம் எழுதியிருந்தார். கடவுள் நல்லவர்னா உலகத்துல ஏன் இவ்வளவு வலி இருக்குன்னு தர்க்கரீதியா விளக்குற புத்தகம். இருபது வருஷம் கழிச்சு, 1960-ல, அவரோட மனைவி ஜாய் புற்றுநோயில இறந்துபோறாங்க. கல்யாணமாகி நாலே வருஷம். அப்போ அவர் நோட்டுப் புத்தகங்கள்ல எழுதி வச்சதுதான் இந்தப் புத்தகம். விளக்கம் சொன்ன மனுஷன் இதுல விளக்கமே சொல்றதில்ல. கோபப்படுறார், கதவைத் தட்டினா உள்ளேருந்து பதிலே வரலையேன்னு கடவுள்கிட்ட சண்டை போடுறார். 1961-ல வெளியிட்டப்போ சொந்தப் பேரைக்கூடப் போடல. என்.டபிள்யூ. கிளார்க்னு புனைபெயர்லதான் வந்துச்சு.

என் அப்பா இறந்த வருஷம்தான் நான் இதைப் படிச்சேன். வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் "எல்லாம் ஆண்டவர் சித்தம்மா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அன்பாத்தான் சொன்னாங்க, ஆனா அதுக்கு மேல நம்மளால வாயைத் திறக்க முடியாதே! கோபமா இருந்தாலும் ஜெபம் ஜெபம்தான்னு எனக்குக் காட்டினது இந்தப் புத்தகம். ஒரு சின்ன வேண்டுகோள்: துக்க வீட்டுக்கு முதல் வாரமே இதைத் தூக்கிட்டுப் போகாதீங்க. கொஞ்ச நாள் போகட்டும்.

ரெண்டாவது, ஜப்பானிய எழுத்தாளர் ஷுசாகு எண்டோவோட 'சைலன்ஸ்'. 1966-ல வந்த நாவல். மார்ட்டின் ஸ்கார்செஸி 2016-ல படமா எடுத்தார், சில பேர் பார்த்திருப்பீங்க. பதினேழாம் நூற்றாண்டு ஜப்பான்ல கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டிருக்கு. தன் குருவே விசுவாசத்தை விட்டுட்டார்னு கேள்விப்பட்டு, அது நிஜமான்னு தெரிஞ்சுக்க ஒரு போர்ச்சுகீசியப் பாதிரியார் ரகசியமா அங்கே போறார். அந்தக் காலத்துல சந்தேகப்பட்டவங்க முன்னாடி இயேசுவோட உருவம் பதிச்ச ஒரு பலகையை வைப்பாங்க. அதை மிதிச்சா விட்டுடுவாங்க. தன் உயிருக்காக மிதிக்கலாமா என்கிறது ஒரு கேள்வி. மத்தவங்க உயிரைக் காப்பாத்த மிதிக்கலாமா? நாவல் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துற இடம் அதுதான். இதுல கிச்சிஜிரோன்னு ஒருத்தன் வருவான். காட்டிக்கொடுப்பான், அழுதுட்டு மன்னிப்புக் கேட்டு வருவான், மறுபடியும் காட்டிக்கொடுப்பான். முதல்ல எரிச்சலா இருக்கும். போகப் போக, இவன் நம்மளை மாதிரியே இருக்கானேன்னு தோணும்.

மூணாவது, மர்லின் ராபின்சனோட 'கிலியட்'. 2004-ல வந்துச்சு, அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு வாங்குச்சு. நம்ம பைபிள்ல வர்ற கீலேயாத்தான் இந்தப் பேர். இங்கே அது அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல இருக்கிற ஒரு கற்பனை ஊர். 1956-ம் வருஷம். எழுபத்தாறு வயசு ஜான் ஏம்ஸ் அந்த ஊர்ப் போதகர், இதய நோயாளி. மகனுக்கு இன்னும் ஏழு வயசுகூட ஆகல. அவன் வளர்றதைப் பார்க்க முடியாதுன்னு தெரிஞ்சு, பெரியவனானதும் படிக்கட்டும்னு எழுதுற நீளமான கடிதம்தான் நாவல். மெதுவா போகும், முன்கூட்டியே சொல்லிடுறேன். ஆனா உள்ளே ஒரு முள் இருக்கு. வாழ்நாள் முழுக்க மன்னிப்பைப் பத்திப் பேசினவருக்கு, உயிர் நண்பனோட மகன் ஊருக்குத் திரும்பி வந்தப்போ அவனை மட்டும் ஏத்துக்க முடியல. நாம எல்லாருமே அப்படி ஒருத்தரையாவது மனசுல வச்சிருப்போம்.

நாலாவது, நம்ம ஊர்ப் புத்தகம். பாமாவோட 'கருக்கு', 1992. பனை மட்டையோட ரெண்டு ஓரத்துலயும் அறுக்கிற பல் இருக்குமே, அதுதான் கருக்கு. தலித் கிறிஸ்தவக் குடும்பத்துல பிறந்த ஒரு பெண், ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யணும்னு கன்னியாஸ்திரி ஆகிறார். மடத்துக்குள்ளயும் சாதி உட்கார்ந்திருக்கு. ஏழு வருஷம் கழிச்சு வெளியே வர்றார். கையில வேலையும் இல்ல, காசும் இல்ல. அந்த நிலைமையில எழுதின தன்வரலாறு இது. இதைப் படிக்கிறப்போ ஒரு விஷயத்தைக் கவனிங்க. அவர் கேள்வி கேட்கிறது மடத்தையும் அதோட வழக்கங்களையும். ஏழைங்க பக்கம் நின்ன இயேசுவை அவர் விட்டுக்கொடுக்கல. பேச்சுமொழியில எழுதினதால, பக்கத்துல உட்கார்ந்து ஒருத்தர் சொல்ற மாதிரியே இருக்கும். என் பட்டியல்ல ஒண்ணே ஒண்ணுதான் படிப்பேன்னு சொன்னீங்கன்னா, இதைப் படிங்க.

கடைசியா, நீளமான லீவ் இருக்கிறவங்களுக்கு: ஜோ டி குருஸோட 'ஆழி சூழ் உலகு', 2004. தென்கடற்கரை மீனவ கிராமம் ஒண்ணுல மூணு தலைமுறையோட கதை. நெய்தல் நிலத்துப் பேச்சு, அதனால முதல் முப்பது பக்கம் கொஞ்சம் தடுக்கும். விட்டுடாதீங்க, காது பழகிடும். இங்கே விசுவாசம் என்கிறது விவாதம் பண்ற விஷயமே இல்ல. கட்டுமரம் கடலுக்குள்ள போனா திரும்பி வருமான்னு தெரியாத ஜனங்க, கரையில ஒரு கோயிலைக் கட்டி வச்சிருக்காங்க. அதே ஜனங்க சண்டை போடுறாங்க, துரோகம் பண்றாங்க, ஒருத்தருக்காக ஒருத்தர் உயிரையும் கொடுக்கிறாங்க. காகு சாமியார்னு ஒரு பாத்திரம் வரும். அவரை மறக்கவே மாட்டீங்க.

ஐந்தையும் படிக்கணும்னு அவசியம் இல்ல. யாரையாவது இழந்திருந்தா லூயிஸ், சர்ச் மேல கோபமா இருந்தா பாமா, யாரையோ மன்னிக்க முடியாம இருந்தா ராபின்சன்னு ஆரம்பிங்க. முடிஞ்சா அம்மாவோ, நண்பனோ, இன்னொருத்தரோட சேர்ந்து படிங்க. "இந்த இடத்துல உனக்கு என்ன தோணுச்சு?"ன்னு கேளுங்க. வீட்டுல இவ்வளவு நாள் பேசாத விஷயம் அன்னைக்குப் பேச்சுக்கு வரலாம்.

எந்தப் பக்கத்துல புத்தகத்தைக் கீழே வச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தீங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல அதைப் பத்திப் பேசலாம். நிறைய தண்ணி குடிங்க, நல்லா படிங்க.