வடிவ ஆய்வும் மென்பொருள் தேர்வும்



ஓரினத்து மீன்களின் உடல்வடிவம் ஆற்றுக்கு ஆறு வேறுபடுகிறதா என்று ஆராயப் புகும் மாணவர் முதலில் கேட்பது, "எந்த மென்பொருளை வாங்குவது?" என்பதே. எதையும் வாங்கவேண்டியதில்லை. இத்துறைக்கு வேண்டிய நல்ல மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

நிழற்படத்தில் அடையாளப் புள்ளிகளைக் குறிக்க டிபிஎஸ்டிக் உதவும். கட்டளை எழுதிப் பழகாதவர் மார்ஃபோஜே அல்லது பாஸ்ட் கொண்டு தொடங்கலாம். பின்னர் 'ஆர்' மொழிக்கும் அதன் ஜியோமார்ஃப் தொகுப்புக்கும் செல்வது நலம். அங்கு எழுதும் கட்டளைகளே ஆய்வின் பதிவேடாகின்றன. பிறர் அவற்றைக் கொண்டு முடிவைச் சரிபார்க்கலாம்.

ஆயினும் சிந்திக்கவேண்டியவர் ஆய்வாளரே. படத்துக்கு 15 புள்ளிகள் எனில் 30 ஆயத்தொலைவுகள் கிடைக்கும். இடம், அளவு, சுழற்சி ஆகியவற்றால் வரும் வேறுபாட்டை நீக்கியபின் 26 மாறிகள் எஞ்சும். இருபதே மீன்களைக் கொண்டு குழு பிரித்தால், இல்லாத வேற்றுமையும் திரையில் பளிச்செனத் தோன்றும். அதனை நம்பி மீன்வளப் பாதுகாப்புத் திட்டம் வகுத்தால் பொதுப்பணம் வீணாகும். எனவே போதிய மாதிரிகளைத் திரட்டுங்கள். அதே படங்களில் மற்றொரு நாளும் புள்ளிகளைக் குறித்து, கைப்பிழை எவ்வளவு என்று காணுங்கள்.

குழுக்களின் வேற்றுமையை அளக்கப் பேராசிரியர் மகலனோபிஸ் 1936-ஆம் ஆண்டில் விளக்கிய 'தொலைவு' இன்றும் இம்மென்பொருள்களில் பயன்படுகிறது. கணிப்பொறி பரவுமுன் பிறந்த அளவை அது. கேள்வி தெளிவாக இருந்தது. கருவி பின்னர் வந்தது. நீங்களும் அவ்வரிசையிலேயே செல்லுங்கள்.