குருபக்தியா, ஆசிரியர் கடமையா?

(இனயத்தில் பேசியதன் சாரம்)



மேல்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் இருக்க வேண்டிய சம்பந்தத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் பத்தாவது வகுப்பைத் தாண்டாதவன். இதைப் பேச எனக்கென்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், கடையில் வாங்காத சரக்கின் விலை ஏழைக்குத்தான் நன்றாய்த் தெரியும் என்பேன்.

இந்த ஊரில் கரையிலுள்ள மலையையும் கோபுரத்தையும் அடையாளம் வைத்து, தண்ணீருக்கடியில் இருக்கும் பாறை எங்கே என்று சொல்லுகிறீர்கள். அதை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்? தகப்பனோ மாமனோ வள்ளத்தில் உட்காரவைத்துக் காட்டினார்கள். டாக்டர் பட்ட ஆராய்ச்சியும் அப்படித்தான். எதைப் படிப்பது, எந்தப் பத்திரிகைக்கு எழுதுவது, யாரைப் போய்ப் பார்ப்பது என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில் இல்லை. வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. நம் பிள்ளைக்கு அந்த ஒரு ஆசிரியரை விட்டால் வேறு கதி ஏது?

"நல்ல குரு அமைவது தலையெழுத்து" என்கிறார்கள். இதைவிடப் பெரிய புரட்டு உண்டா? ஏகலைவன் கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். சொல்லிக்கொடுக்காத குருவுக்குக் கட்டைவிரலைக் கொடுத்தானாம். அதற்குப் பெயர் பக்தியாம்! எனக்குத் தெரிந்த ஒரு பையன் இரண்டு வருஷம் தன் ஆசிரியர் வீட்டுக்குப் பாலும் காய்கறியும் வாங்கிப் போட்டான். அவன் எழுதிக் கொடுத்த அத்தியாயம் மேஜை மேலேயே கிடந்தது. விரல் மட்டும்தான் மிச்சம்.

வேறு விதமான ஆசிரியர்களும் உண்டு. டாக்டர் அம்பேத்கர் 1913-ல் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே அவருடைய ஆசிரியராயிருந்த செலிக்மன், பின்னால் 1925-ல் வெளிவந்த அவருடைய மாகாண நிதி பற்றிய புத்தகத்துக்கு முன்னுரை எழுதினார். லண்டனில் அவருடைய ஆசிரியர் எட்வின் கானன். ரூபாய்ப் பிரச்சினை பற்றி அம்பேத்கர் 1923-ல் வெளியிட்ட புத்தகத்துக்கு அவர் எழுதிய முன்னுரையில், இவர் சொல்லும் பலவற்றை நான் ஒப்பவில்லை என்றே சொல்லியிருக்கிறார். ஒப்பாவிட்டாலும் மாணவனை உலகத்தின் முன் நிறுத்தினார். காலைப் பிடிக்கவும் சொல்லவில்லை, விரலையும் கேட்கவில்லை!

நம் தேசத்து நிலை என்ன? டெல்லி எய்ம்ஸ் வைத்தியக் கலாசாலையைப் பற்றி சர்க்கார் நியமித்த தோரட் கமிட்டி 2007-ல் அறிக்கை கொடுத்தது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களில் பெரும்பாலோர், ஆசிரியர்களிடமிருந்து போதிய உதவி கிடைப்பதில்லை என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை பேருக்குமா ஒரே தலையெழுத்து?

சட்டம் இல்லாமலில்லை. சர்வகலாசாலை மானியக் குழுவின் 2022-ம் வருஷத்து விதிப்படி ஒரு பேராசிரியர் 8 ஆராய்ச்சி மாணவர்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. ஒவ்வொரு அரையாண்டும் மாணவன் ஒரு ஆலோசனைக் கமிட்டி முன் தன் வேலையைக் காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கமிட்டியைக் கூட்டுகிறவர் யார்? அதே ஆசிரியர்! அவர் மேலேயே புகார் என்றால் பையன் யாரிடம் வாய் திறப்பான்?

ஆகவே நாம் கேட்க வேண்டியது தயவல்ல. மாதத்துக்கு இத்தனை முறை பார்ப்பது, கொடுத்த எழுத்தை இத்தனை நாளில் திருத்தித் தருவது என்று முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். அந்த ஆசிரியருக்குக் கீழ்ப்படாத இன்னொருவரும் மாணவனுக்குத் துணையாக இருக்க வேண்டும். ஒத்துவராவிட்டால், படித்த வருஷங்கள் வீணாகாமல் ஆசிரியரை மாற்றிக்கொள்ள வழி வேண்டும். நல்ல ஆசிரியர்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. அவர்கள் இப்போதே இப்படித்தான் செய்கிறார்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்று. பையன் லீவுக்கு வந்தால் "எப்போது முடிப்பாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "உன் வாத்தியார் உன்னைக் கடைசியாக எப்போது பார்த்தார், என்ன திருத்திக் கொடுத்தார்?" என்றும் கேளுங்கள்.