மொழியும் வீடும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மொழியைப் பற்றிப் பேச நாம் மொழிநூற் புலவர் அல்லோம். இரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுக்கும் சன்னலுக்குப் பின்னே அமர்ந்து, நாள்தோறும் பல மொழிகளைக் காதாற் கேட்டவர் என்ற ஒரு தகுதியே நமக்கு உண்டு. ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்று நம் சிந்தையைக் கிளறிவிட்டது. அதனை உங்கள்முன் வைக்கவே வந்துள்ளோம்.

எங்கள் மூத்த மகள் பள்ளியில் பிரெஞ்சு மொழியைப் பாடமாக எடுத்துப் படித்து வருகிறாள். மதிப்பெண் நிரம்பக் கிடைத்தது. ஆனால் அம்மொழியில் வாய் திறந்து ஒரு வாக்கியம் பேச வரவில்லை. ஆதலின் அவளை நான்கு வாரம் புதுச்சேரிக்கு அனுப்பினோம். இங்கிருந்து காட்பாடி, அங்கிருந்து விழுப்புரம், பின்னர் புதுச்சேரி. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை போடப்பட்டுவிட்டது. பிரெஞ்சு பேசும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் தங்கி, பகலில் வகுப்புக்குச் சென்றுவர ஏற்பாடு செய்தோம்.

பிரெஞ்சு கற்கப் புதுச்சேரி ஏன் என்று சிலர் வினவலாம். 1674 முதல் பிரெஞ்சுக்காரர் காலூன்றிய ஊர் அது. 1954இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்து, 1962இல் சட்டப்படி முழுமையாக இணைந்தது. மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சும் அங்கு ஆட்சி மொழியாக நீடிக்கும் என்று 1956இல் கையெழுத்தான உடன்படிக்கை கூறுகிறது. 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய தமிழரை அவ்வூரார் ‘சொல்தா’ என்பர். அத்தகைய குடும்பங்கள் சிலவற்றில் தமிழும் பிரெஞ்சும் ஒரே கூடத்தில் ஒலிக்கின்றன.

மகள் தங்கிய வீட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. காலைச் சிற்றுண்டி முதல் இரவு உணவு முடியும்வரை பிரெஞ்சன்றி வேறு மொழி பேசலாகாது. மூன்றாம் நாள் இரவு அவள் தொலைபேசியில் அழுதாள். “அம்மா, சோற்றுக்கு உப்பு வேண்டுமென்று கேட்கக்கூடச் சொல் வரவில்லை, ஊமைபோல் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தேன்” என்றாள். உடனே அழைத்து வந்துவிட வேண்டுமென்று மனைவி பதறினாள். நாமும் விடுப்பு விண்ணப்பம் எழுதிவிட்டோம். ஆனால் அதைக் கொடுப்பதற்குள் ஐந்தாம் நாள் வந்தது, உப்பு கேட்டுவிட்டாளாம்! அந்த மகிழ்ச்சியில் அவள் பேசிய பேச்சு அரை மணி நேரம் ஓடியது.

கரையில் நின்றுகொண்டு நீந்தக் கற்பார் இல்லை. இவ்வுண்மையை அயல்நாட்டார் ஒரு முறையாகவே வகுத்துள்ளனர். அமெரிக்காவில் மிடில்பரி என்னும் கல்லூரி 1915இல் செருமானியத்துக்கும், 1916இல் பிரெஞ்சுக்கும் கோடைக்காலப் பள்ளி தொடங்கியது. அங்கே மாணவர்கள், கற்கும் மொழியைத் தவிர வேறு பேசுவதில்லை என உறுதிமொழி எழுதிக் கொடுக்கின்றனர்.

கனடா நாட்டின் செயின்ட் லாம்பர்ட் என்னும் ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் முயன்று, 1965இல் 26 குழந்தைகளைக் கொண்டு ஒரு மழலையர் வகுப்பை முழுதும் பிரெஞ்சிலேயே தொடங்கச் செய்தனர். குழந்தைகளின் தாய்மொழி கெட்டுவிடுமோ என்ற அச்சம் அங்கும் எழுந்தது. மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட் முதலானோர் பல்லாண்டு ஆராய்ந்து 1972இல் நூலாக வெளியிட்டனர். குழந்தைகளுக்குப் பிரெஞ்சு வந்தது. ஆங்கிலமும் குறையவில்லை என்பதே அதன் முடிவு.

காரணம் என்ன? அக்குழந்தைகளுக்கு வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் அசையாமல் நின்றது. ஆகவே புதுமொழி வந்து சேர்ந்தது. பழைய மொழி வெளியேறவில்லை. அன்பர்களே, இங்கேதான் நம் நெஞ்சு சற்றே நடுங்குகிறது. நம் பிள்ளைகளின் தமிழுக்குப் பள்ளியில் இடமில்லை. தெருவில் கன்னடமும் இந்தியும் ஆங்கிலமும் உள்ளன. எஞ்சியது வீடு ஒன்றே. அவ்வீடும் கைவிட்டால் தமிழ் எங்கே போய்த் தங்கும்?

மகள் திரும்பி வந்த அன்றிரவு உணவுக்கு அமர்ந்தோம். வழக்கம்போல் பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகப் பேச்சு நடந்தது. அவள் சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, “அப்பா, அந்த வீட்டில் பிரெஞ்சுக்கென்று ஒரு நாள் முழுவதும் ஒதுக்கியிருந்தார்கள். நம் வீட்டில் தமிழுக்கென்று ஒரு வேளையாவது உண்டா?” என்றாள். நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. மறுநாள், தன்னைத் தங்க வைத்திருந்த அம்மையாருக்கு நன்றி கூறி ஒரு பக்கம் பிரெஞ்சில் கடிதம் எழுதினாள். திருப்பத்தூரில் இருக்கும் தன் பாட்டிக்கு ஒரு வரி தமிழில் எழுத அவளால் இயலாது, நாங்கள் கற்பிக்கவில்லை. குற்றம் பிரெஞ்சின்மேல் இல்லை, பெற்றவர்கள்மேல் உள்ளது.

பிறமொழி நம்மை விழுங்கிவிடும் என்பாருக்குப் புதுச்சேரியே விடை கூறும். துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு அதிகாரிகளிடையே பணியாற்றினார். ஆயினும் 1736 முதல் 1761 வரை தம் நாட்குறிப்பைத் தமிழிலேயே எழுதினார். பாவேந்தர் பாரதிதாசன் 1891இல் பிறந்ததும் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த அவ்வூரிலேதான். அவ்வாட்சியின்கீழ்த் தமிழாசிரியராகப் பணிபுரிந்துகொண்டே அவர் கவி பாடினார். பிற்காலத்தில், 1981இல், பிரெஞ்சிலிருந்து நேரே தமிழாக்கம் பெற்ற ‘குட்டி இளவரசன்’ நம் குழந்தைகளின் கைக்கு வந்தது. இரு மொழியையும் உடையவர்கள் தமிழுக்குச் செய்த தொண்டு இது.

இனி, நம்மைப் பற்றிய ஒரு குறையையும் மறைக்காமல் கூற வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர் காலமானார். அவர் துணைவியார் கன்னடம் ஒன்றே அறிந்தவர். எங்கள் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகப் பார்த்தவர். அவர்முன் சென்று நின்றோம். இருபதாண்டு இம்மண்ணின் சோற்றை உண்டும் நம் நாவில் இருந்த கன்னடம், ‘எல்லிகெ?’, ‘எஷ்டு ஜன?’ என்னும் இரண்டே. எங்கே போக வேண்டும், எத்தனை பேர் என்று சன்னலில் கேட்கும் கேள்விகள். துக்க வீட்டில் அவற்றைக் கொண்டு என்ன செய்வது? கைகூப்பிவிட்டுத் தலைகுனிந்து திரும்பினோம். நான்கு வாரத்தில் ஒரு சிறுமி செய்ததை இருபதாண்டில் நாம் செய்யவில்லை.

மைசூரில் 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தைச் சார்ந்த தென்மண்டல மையம், பிற மாநில ஆசிரியர்களை வரவழைத்துத் தமிழ், கன்னடம் முதலிய தென்மொழிகளைப் பத்துத் திங்கள் தங்கவைத்துக் கற்பித்து வந்துள்ளது. குடும்பத்தைப் பிரிந்து அவர்கள் கற்றனர். நமக்கோ எங்கும் போக வேண்டியதில்லை. வாசற்படியைத் தாண்டினால் கன்னடம் இருக்கிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களைப் பணிந்து வைக்கிறோம். ஒவ்வோர் இல்லத்திலும் இரவு உணவு வேளை தமிழுக்கே உரியதாகுக. ஒவ்வொரு பிள்ளையும் திங்களுக்கு ஒரு முறை ஊரிலுள்ள பாட்டன் பாட்டிக்குத் தன் கையால் தமிழில் கடிதம் எழுதுக. நம் சங்கம் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பும், பெரியவர்களுக்குக் கன்னட வகுப்பும் நடத்துக. பின்னதில் முதல் மாணவராகச் சேர நாம் பெயர் கொடுத்துவிட்டோம்.

எங்கள் இல்லத்தில் இரவு வேளை தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. சொல் கிடைக்காமல் தவிக்கும் முறை இப்போது எங்களுடையது. மகள் சிரிக்கிறாள். போன வாரம் பாட்டிக்கு அவள் எழுதிய முதற் கடிதம் திருப்பத்தூர் சேர்ந்தது. ஐந்தே வரி, ஏழு பிழை. பாட்டி அதனைத் தலையணைக்கடியில் வைத்திருப்பதாகச் செய்தி வந்தது.

பிள்ளைகள் எத்தனை மொழி வேண்டுமாயினும் கற்கட்டும். எந்த ஊருக்கு வேண்டுமாயினும் சென்று கற்கட்டும். திரும்பி வரும்போது வீட்டில் தமிழ் இருக்க வேண்டும். அதற்கு நாம் பொறுப்பு.

 வாழ்க தமிழ்! வாழ்க கன்னட நாடு!